முன்சக்கரம் கறுப்பு

அத்தியாயம் 6

பத்மப்ரியாவின் மடியில் இட்லிப் பொட்டலம் ஆறிக்கொண்டிருந்தது. யார் வாங்கிக் கொடுத்தது என்பது அவளுக்கு நினைவில்லை. காருக்கு வெளியே ஜீடிமெட்லாவின் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும் சாலையில் லாரிகள் ஊர்ந்தன. காற்றில் ரசாயன நெடி. ஜெயந்த் தினமும் சட்டையில் இந்த நெடியோடுதான் வீட்டுக்கு வருவான். அதை நினைத்தால் அழுகை வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. அவன் செத்த அன்றிலிருந்தே வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"சாப்பிடும்மா. இல்லன்னா பின்னாடி இருக்கிறவன் கண்ணு வச்சிட்டிருக்கான்" என்றாள் ஸ்டியரிங்கின் முன்னால் இருந்த மெட்டில்டா.

மெட்டில்டாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிப்போன வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடுகிற சர்வேயராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். அந்த அலுவலகத்தின் ஒரே ஊழியனான மதுரைக்காரன் பிரசன்னா பின்சீட்டில் சாய்ந்திருந்தான்.

"கண்ணு வைக்கல மேடம். சட்னிக்கு மௌன அஞ்சலி செலுத்துறேன்."

பத்மப்ரியா பொட்டலத்தைப் பின்னால் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குப் புரிந்தது. வாய் ஒத்துழைக்கவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் நீல நிற கேட். தனியார் வாகனச் சோதனை நிலையம். பதினைந்து வருஷம் ஓடிய பைக்கை மேற்கொண்டு ஓட்ட வேண்டுமானால் இப்படி ஓர் இடத்தில் நிறுத்தி, பிரேக், விளக்கு, புகை எல்லாம் சரி என்று வாங்கியாக வேண்டும். ஜெயந்தும் வந்தான். கம்பெனியில் ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கிய பழைய பைக். காலையில் வேலைக்குப் போகிற வழியில் இங்கே ஒரு புரோக்கரிடம் விட்டான். பைக் பாஸாகிவிட்டதென்று மதியம் அவன் போனுக்குச் சோதனைப் படம் வந்தது. சாயங்காலம் மழையில், இருட்டில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், குகட்பள்ளி வீட்டுக்கு வந்து சேரவில்லை. வழியில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்பக்கம் போய் மோதினான். பிரேக் பிடிக்கவில்லை. போலீஸ்காரர்கள் சக்கரத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே பிரேக் கட்டைகள் காகிதம் மாதிரி தேய்ந்துகிடந்தன.

மதியம் பாஸ். சாயங்காலம் சாவு.

முந்தின வாரம்தான் இர்பான் அந்த வண்டியைப் பழுது பார்த்திருந்தான். குகட்பள்ளியில் மெக்கானிக் கடை வைத்திருந்த ஆம்பூர்க்காரன். ஜெயந்துக்குச் சினேகிதன். அந்த வாரம் பத்மப்ரியா கோவில்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தாள். என்ன வேலை செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதிக் கொண்டுவந்து ஸ்டேஷனில் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். இர்பானைப் பிடித்துப் போய் ஜாமீனில் விட்டார்கள். கடைக்குப் பூட்டு. வருகிற திங்கட்கிழமை குற்றப்பத்திரிகை.

போன வாரம் இர்பானின் மனைவி ஜுலைகா வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அக்கா, அவரு ரெண்டு சக்கரமும் புதுசு போட்டாரு. பிரேக் கட்டையும் புதுசு. அல்லா மேல ஆணையா சொல்றேன். யாரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். மறுநாள் பத்மப்ரியா மெட்டில்டாவைத் தேடிப் போனாள். யோசித்துப் போகவில்லை. கால் போயிற்று.

"மறுபடி ஒரு தடவை பார்த்துக்கலாம்" என்று மெட்டில்டா போனைத் திருப்பிக் காட்டினாள். "இது ஜெயந்த் வண்டி, டெஸ்ட்ல எடுத்த படம். முன்சக்கரத்தோட ரிம் கறுப்பு, பின்சக்கரம் வெள்ளி. இது விபத்துக்குப் பிறகு எடுத்தது. ரெண்டுமே வெள்ளி. காலையில ஒரு சக்கரம், சாயங்காலம் வேற சக்கரம்."

"அப்படீன்னா இர்பான் சொன்னது நிஜம்தானே மேடம்?" என்றாள் பத்மப்ரியா.

மெட்டில்டா பின்னால் பார்த்தாள். பிரசன்னா கையைத் துடைத்துக்கொண்டான்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நானும் அப்படித்தான்க்கா நெனச்சேன். இந்த மாடல் பைக் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. நானும் அதுல மெம்பர். இங்க பாஸ் ஆனவங்க எல்லாம் உங்க டெஸ்ட் படத்தை அனுப்புங்கன்னு கேட்டேன். பாருங்க."

வேறு வேறு எண்கள். வேறு வேறு நிறங்கள். ஒன்றில் ஹேண்டிலில் எலுமிச்சம்பழம், ஒன்றில் பின்னால் பால் கேன். ஆனால் எல்லாப் பைக்கிலும் முன்சக்கரம் கறுப்பு, பின்சக்கரம் வெள்ளி.

"ஒரே ஜோடி" என்றாள் மெட்டில்டா. "நான் பார்த்த வரைக்கும் இவ்வளவு வயசான வண்டிங்க பாதிக்குப் பாதி முதல் தடவை பிரேக்லயே தோத்துடும். இங்க இந்த மாடல் மட்டும் வந்ததெல்லாம் பாஸ்."

"வயசாக ஆக உடம்பு தேறுற குடும்பம் மேடம்."

"சும்மா இருடா. சக்கரத்தை வாடகைக்கு விடறாங்கம்மா. டெஸ்டுக்கு மட்டும் நல்ல சக்கரம். பாஸ் ஆனதும் கழட்டிட்டு, அவனவன் பழைய சக்கரத்தை மாட்டி அனுப்பிடறது."

பத்மப்ரியா அந்த வாக்கியத்தை மனதுக்குள் மெதுவாக இன்னொரு முறை ஓட்டினாள்.

"அப்போ ஜெயந்தும்…"

"வாடகைக்கு எடுத்திருக்கார்க்கா" என்றான் பிரசன்னா. இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை.

ஏமாற்றிப் பாஸ் செய்தான். ஏமாற்றிய வண்டியிலேயே செத்தான். இர்பானும் பொய் சொல்லியிருக்கிறான். அவள் தலையாட்டினாள். பக்கத்து ஊரில் மழை என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

"அந்த ஜோடியை நாம கையில பிடிக்கணும்" என்றாள் மெட்டில்டா. "அது நம்ம கைக்கு வந்தா புரோக்கர் மாட்டுவான். நான் உள்ள போனா சர்வேயரம்மான்னு ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவானுங்க. பிரசன்னா அவன் வண்டியோட போகட்டும். நீ அக்காவா கூடப் போ. குடும்பமா வந்தா சந்தேகப்பட மாட்டான்."

மரத்தடியில் பிரசன்னாவின் பைக் நின்றது. அதே மாடல். சீட்டில் ஒட்டுப்போட்ட ரெக்சின்.

"பேரு கனகவல்லிக்கா. இது வரைக்கும் யாரையும் கீழ தள்ளினதில்ல. அந்த அளவுக்கு வேகமாப் போனதில்ல."

*

சோதனை நிலையத்தின் மதில் சுவருக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வாசலில் சட்டை நனைய வியர்த்தபடி நின்ற ஆள்தான் புரோக்கர் பாலா. சித்தூர்க்காரன். தமிழையும் தெலுங்கையும் ஒரே வாக்கியத்தில் பேசினான்.

"ரண்டி, வாங்க வாங்க. வண்டிக்கு என்ன வயசு?"

"பொம்பளைப் புள்ளைகிட்ட வயசு கேக்கலாமாண்ணே?" என்றான் பிரசன்னா.

பாலா சிரிக்காமல் பிரேக் பிடியை அழுத்திப் பார்த்தான். அது கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

"பிரேக் பட்டுதா, லேதா?"

"பிடிக்கும்ணே. கூடவே நானும் ரெண்டு காலைத் தரையில ஊணணும்."

பாலாவின் பார்வை பத்மப்ரியாவின் பக்கம் திரும்பியது.

"அக்கா" என்றான் பிரசன்னா. "என்னைத் தனியா அனுப்பினா வண்டியை வித்துருவேன்னு வீட்டுல இவங்களையும் கூடவே அனுப்பியிருக்காங்க."

தம்பியிடம் சலித்துப்போன அக்காவின் முகம் அவளுக்கு நடிக்காமலேயே அமைந்திருந்தது. பாலாவுக்கு அது போதுமாயிருந்தது.

"பாஸ் ஆயிடும். கியாரண்டி. கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்கிப் போடறோம்ல? அந்த மாதிரி நான் ஒண்ணு போடுவேன். முடிஞ்சதும் கழட்டித் தந்துரணும்."

கோணிச் சாக்கை விலக்கி இரண்டு சக்கரங்களை உருட்டி வந்தான். ஒன்று கறுப்பு ரிம். ஒன்று வெள்ளி. டயர்களில் பள்ளங்கள் இன்னும் ஆழமாகவே இருந்தன. உள்ளே பிரேக் கட்டைகளோடு சேர்த்து மொத்தமாகக் கழற்றி மாட்டுகிற அமைப்பு. இரண்டு நட்டு, ஒரு கம்பி, ஒரு கேபிள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கனகவல்லிக்குப் புதுக் கால்கள் வந்துவிட்டன.

கழற்றிய பழைய சக்கரங்களைச் சுவரில் சாய்த்து, அவற்றின் மேல் சாக்பீஸால் வண்டியின் எண்ணை எழுதினான் பாலா.

"எதுக்குண்ணே?"

"மாறிடக் கூடாதில்ல? அவங்கவங்க சக்கரம் அவங்கவங்களுக்கு. தொழில்ல நாணயம் வேணும் தம்பி."

அந்த நேரத்தில் இன்னொரு பைக் வந்து நின்றது. அதுவும் அதே மாடல். இறங்கியவர் நாற்பது வயதுக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை, ஹேண்டிலில் சாப்பாட்டுப் பை.

"பாலா, அடுத்து என் வண்டிதானே? ஸ்கூல்ல அரை நாள் லீவுதான் சொல்லியிருக்கேன். நக்கோ, லேட் பண்ணாதே."

"இது உள்ள போய் வரட்டும் தனசிங்ணா. அப்புறம் மீதே, உங்களுதுதான்."

*

பிரசன்னா கனகவல்லியை ஓட்டிக்கொண்டு நீல கேட்டுக்குள் போனான். போகும்போது தன் போனைப் பத்மப்ரியாவிடம் கொடுத்திருந்தான். அவள் மதில் நிழலில் நின்றாள். உள்ளே உருளைகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. அந்த உருளைகளின் மேல் வண்டியை ஏற்றிப் பிரேக் அடிக்கச் சொல்வார்கள். எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கிறது என்று இயந்திரம் எண்ணால் சொல்லும். இயந்திரத்திடம் ஒரு தப்பும் இல்லை. அதற்குக் காட்டுகிற சக்கரத்தைப் பற்றி அது நிஜத்தைத்தான் சொன்னது.

கையில் போன் அதிர்ந்தது. அதே குரூப். யாரோ தாமதமாக எழுந்து படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'இது என் சித்தப்பா வண்டி, போன மாசம்.' 'இது என்னுது.' 'எனக்கு ஃபெயில் போட்டுட்டானுங்க ப்ரோ. மறுநாள் வா, புது செட் ரெடி பண்றேன்னான்.'

அவள் வெறுமனே பார்த்தாள். பார்ப்பதற்கு எதிரே வேறு ஒன்றும் இல்லை. இந்தப் படங்களில் கறுப்புச் சக்கரம் இல்லை. மூலையில் இருந்த தேதிகள் எல்லாம் ஜெயந்த் செத்த நாளுக்கு முந்தியவை, ஃபெயிலானது சரியாக முந்தின நாள். இரண்டும் வெள்ளி. டயரின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை வட்டமாக ஓடியது. பட்டை அங்கங்கே உரிந்திருந்தது. எல்லாப் படத்திலும் அதே பட்டை, அதே உரிசல்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

தன்னுடைய போனை எடுத்தாள். விபத்துப் படம். தினமும் காலையில் பல் துலக்குகிற மாதிரி அதை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவைப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. லாரிக்கு அடியில் மடங்கிக் கிடந்த முன்சக்கரம். சேறு. சேற்றுக்கு அடியில் வளைந்து ஓடும் ஒரு வெள்ளைக் கோடு. இத்தனை நாளும் அதைச் சாலையில் போட்ட கோடு என்றே நினைத்திருந்தாள்.

சாலையில் போட்ட கோடு வளையாது.

மெட்டில்டாவின் எண்ணை அழுத்தினாள்.

"மேடம், எனக்கு ஒண்ணு புரியல."

"சொல்லும்மா."

"ஜெயந்த் வண்டி பாஸ் ஆனதுக்கு முன்னாடி வேற ஒரு ஜோடி இருந்திருக்கு. வெள்ளைப் பட்டை போட்ட டயர். அவருக்கு முந்தின நாள் அந்த ஜோடி டெஸ்ட்ல ஃபெயிலாயிருக்கு. மறுநாள் ஜெயந்த் வண்டியிலதான் முதமுதலா கறுப்பு வருது. அதுக்கப்புறம்தான் மத்த எல்லாரும்."

"ம்."

"விபத்துப் படத்துல அவர் வண்டியில இருக்கிறது வெள்ளைப் பட்டை மேடம்."

மெட்டில்டா ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"வாடகைக்கு எடுத்தவனுக்கு எது திரும்பி வரும்?"

"அவனோட சக்கரம். சாக்பீஸ்ல நம்பர் எழுதி வைக்கிறான்."

"ஜெயந்துக்கு எது வந்தது?"

"கடைச் சக்கரம்."

"ஹவ், அதேதான். அவன் வாடகைக்கு எடுக்கலம்மா. அவன் வண்டி சொந்தக் கால்லயே பாஸ் பண்ணியிருக்கு. பாஸ் பண்ணின காலைப் பார்த்து இவன் ஆசைப்பட்டுட்டான். அதைக் கழட்டிக்கிட்டு, ஃபெயிலான குப்பையை மாட்டி அனுப்பிட்டான். இருட்டு, மழை. ஜெயந்த் என்னத்தைப் பார்த்திருப்பான்?" காரின் கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை. "நான் எஸ்.ஐ.யைக் கூப்பிடறேன். அந்தச் சக்கரத்தைக் கழட்ட விடாதே. கழட்டிட்டா அவன் தூக்கிக் கிணத்துல போட்டுருவான்."

*

"அக்கா, கனகவல்லி பாஸ்!" என்று கத்திக்கொண்டே வந்தான் பிரசன்னா. "உள்ள இருக்கிறவர் கேக்கறார், இவ்வளவு நல்லா வச்சிருக்கியே, தினமும் குளிப்பாட்டுவியான்னு!"

பைக் கொட்டகை வாசலில் நின்றது. பாலா ஸ்பேனரோடு குனிந்தான்.

"பிரசன்னா, இறங்குங்க" என்றாள் பத்மப்ரியா.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் எதுவும் கேட்காமல் இறங்கினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பைக் ஓட்டத் தெரியாது. ஜெயந்த் சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"ஏன்டம்மா இது? இறங்குங்க, கழட்டணும்."

"கழட்டக் கூடாது."

"இது என் சக்கரம்மா."

"உங்களுது இல்ல. என் வீட்டுக்காரரோடது. ஜெயந்த். இந்த ரோட்டுலதான் வேலை பாத்தார். உங்ககிட்டதான் வண்டியை விட்டுட்டுப் போனார்."

பாலாவின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. ஒரே நொடிதான். பிறகு குரலை உயர்த்தினான். கறுப்பு ரிம் ராணிகஞ்ச் மார்க்கெட்டில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பைத்தியக்காரப் பொம்பளையைக் கூட்டிவந்து ரகளை பண்ணுகிறான் இவன் என்றான். பிரசன்னா இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

"அண்ணே, அக்காவைத் தொட்டீங்கன்னா கனகவல்லிக்குக் கோவம் வந்துரும். அதுக்குப் பிரேக் வேற கிடையாது."

கோபம் வந்தது தனசிங்குக்குத்தான். "எதுக்கும்மா எங்களைப் படுத்தறீங்க? காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன். உங்க சண்டையை வெளிய வச்சுக்குங்க. எனக்குச் சக்கரம் வேணும்."

"உங்க சக்கரத்துக்கு என்ன?" என்றொரு குரல் கேட்டது. மெட்டில்டா மூச்சு வாங்கியபடி வந்து நின்றாள். பாலா அவளைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினான். அவள் அவனைக் கவனிக்காமல் தனசிங்கின் பைக்கிடம் போய்ப் பிரேக் பிடியை ஒரு விரலால் இழுத்தாள். அது வழுவழுவென்று கைப்பிடியைத் தொட்டது.

"நாளைக்குக் காலையில இந்த வண்டியில யாரைக் கூட்டிட்டுப் போவீங்க?"

"பொண்ணை… ஸ்கூலுக்கு."

"எங்க உக்காருவா?"

தனசிங் பெட்ரோல் டாங்கைப் பார்த்தார். அதன் மேல் சின்னக் கைகள் பிடித்துப் பிடித்துப் பெயின்ட் மங்கிப்போயிருந்தது.

"இவங்க வீட்டுக்காரரும் இங்கதான் பாஸ் பண்ணினார்" என்றாள் மெட்டில்டா. "அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகல."

அதற்கு மேல் தனசிங் சக்கரம் கேட்கவில்லை. பைக்கின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எஸ்.ஐ. வந்தபோது பத்மப்ரியா அதே இடத்தில் அப்படியே இருந்தாள். அவர் படங்களை எல்லாம் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். தெலுங்கில்தான் பேசினார்.

"படம் சரிதான் மேடம். ஆனால் இதே சக்கரம்தான் அது என்பதற்கு என்ன அடையாளம்? சக்கரத்தில் பெயரா எழுதியிருக்கிறது?"

"நான் பைசா கொடுத்து வாங்கினது சார்" என்றான் பாலா.

மெட்டில்டா தன் போனில் இர்பானைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"இர்பான், பயப்படாதே. எஸ்.ஐ. பக்கத்துல இருக்கார். ஜெயந்த் வண்டிக்கு நீ போட்ட முன்சக்கரத்துல, வெளியிலேர்ந்து பார்த்தா தெரியாத மாதிரி ஏதாவது இருக்கா? மாட்டினவனுக்கு மட்டும் தெரிஞ்ச மாதிரி?"

நெருப்பில் சுட்டுக்கொண்டவன் மறுபடி கையை நீட்டுகிற மாதிரி வந்தது இர்பானின் குரல்.

"இருக்கு மேடம்" என்றான். "ரிம்முக்கு உள்ள, டியூப்பைக் கம்பி குத்தாம ஒரு பட்டை சுத்துவோம். அன்னைக்குச் சரியான சைஸ் கிடைக்கல. ஜெயந்த் பாய் வீட்டுக்குப் போய் ரெண்டு நாடா கொண்டாந்தாரு. கழுத்துல ஆபீஸ் அட்டை மாட்டிக்கிற நாடா. அக்காவோட பழைய கம்பெனி நாடா. ஊதாக் கலரு. நீளம் பத்தலன்னு ஜுலைகாதான் ரெண்டையும் சேத்துத் தெச்சுக் கொடுத்தா. வெள்ளை நூல்ல."

மெட்டில்டா அதை அப்படியே தெலுங்கில் சொன்னாள். எஸ்.ஐ. பாலாவைப் பார்த்தார். பாலா தரையைப் பார்த்தான்.

சாலை முனையிலிருந்து பஞ்சர் போடுகிறவரை அழைத்துவந்தார்கள். பத்மப்ரியா இறங்கினாள். அவர் முன்சக்கரத்தைக் கழற்றி, காற்றை இறக்கி, இரும்புப் பட்டையை விட்டு டயரை நெம்பினார். டியூப்பை உருவி எடுத்தார். கறுப்பு ரிம்மின் உள்வளைவில், கம்பிகளின் தலைகளை மூடியபடி ஒரு நாடா சுற்றியிருந்தது. ஊதா. அதன் மேல் கச்சிபௌலியில் அவள் முதன்முதலில் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் திரும்பத் திரும்ப அச்சாகியிருந்தது. ஓரிடத்தில் வெள்ளை நூலில் நெருக்கமான தையல்.

"மழை வரும்னு நெனைக்கல சார்" என்றான் பாலா. யாரும் கேட்காமலே சொன்னான். "பழைய செட் அவுட். காலையிலேர்ந்து ஆளுங்க வெயிட்டிங். அவரு மெதுவாத்தான் ஓட்டுவாரு. ரெண்டு மூணு நாள்ல வேற ஏதாவது போட்டுக் குடுத்துடலாம்னுதான்…"

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. கான்ஸ்டபிள் அவன் தோளைத் தொட்டார். சுவரில் சாக்பீஸ் எண்களோடு சாய்ந்திருந்த சக்கரங்களை எஸ்.ஐ. படம் எடுத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைக் குற்றப்பத்திரிகையில் பெயர் மாறும் என்று மெட்டில்டாவிடம் சொன்னார். இர்பானின் கடையை நாளைக்கே திறந்துவிடலாம் என்றார். ரொம்ப நாள் தெரிந்தவர்போல, "அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

போன் இன்னும் அணைக்கப்படவில்லை. உள்ளிருந்து இப்போது ஜுலைகாவின் குரல் வந்தது.

"அக்கா? அக்கா, இருக்கீங்களா?"

பத்மப்ரியா போனை வாங்கிக் காதில் வைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். வார்த்தை தேடினாள். அகப்படவில்லை.

"உன் தையல் அப்படியே இருக்கு ஜுலைகா" என்றாள். "ஒரு நூல்கூடப் பிரியல."

மறுமுனையில் ஜுலைகா வாய்விட்டு அழுதாள். பத்மப்ரியா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

தனசிங் வீட்டுக்குப் போன் பேசுவதும் காதில் விழுந்தது. வண்டி இங்கேயே நிற்கட்டும், பஸ்ஸில் வருகிறேன், லேட்டாகும், நாளைக்குப் பிள்ளையை ஆட்டோவில் அனுப்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சாலையைக் கடந்து, கூட்டமான பஸ் ஒன்றில் சாப்பாட்டுப் பையோடு தொற்றி ஏறினார்.

மூவரும் காருக்குத் திரும்பினார்கள். பிரசன்னா முன்கதவைத் திறந்துவிட்டான். அவள் உட்கார்ந்தாள். அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். கனகவல்லி காலில்லாமல் கொட்டகையில் கிடந்தது. அதைப் பற்றிக்கூட அவன் ஒன்றும் சொல்லவில்லை. மெட்டில்டாவும் வண்டியைக் கிளப்பவில்லை.

"எதாவது சொல்லுங்க பிரசன்னா" என்றாள் பத்மப்ரியா.

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

"இன்னைக்கு ஸ்டாக் இல்லக்கா."

அவள் சிரித்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சிரிப்பு தொண்டையில் எங்கேயோ இடித்துக்கொண்டு மறுபடி வந்தது. நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். அதன் சத்தம் பாதியில் வேறாக மாறியது. வெகு நாளாய்த் தேங்கிக்கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

மெட்டில்டா கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். பின்னால் திரும்பிப் பிரசன்னாவுக்குக் கண் காட்டினாள். இருவரும் சத்தமில்லாமல் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, காருக்கு முதுகைக் காட்டியபடி வெயிலில் நின்றார்கள்.